குட்டைக் கால்சட்டைக்கு மேல் ஒரு பாவாடை: அமெரிக்க இளம்பெண்களும் தையல் பேட்டர்ன்களும்

அமெரிக்காவில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை இளம்பெண்களுக்காக வெளிவந்த தையல் பேட்டர்ன்களின் (துணியை வெட்ட உதவும் தாள் மாதிரிகளின்) உறைகளைப் புரட்டினால், ஒரே ஜோடி உடை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மேற்சட்டையும் குட்டைக் கால்சட்டையும் ஒன்றாகச் சேர்ந்த ‘பிளேசூட்’ ஒன்று. அதன்மேல் அணிந்துகொள்ள, முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்த பாவாடை ஒன்று. உறையின் படத்தில் ஒருத்தி வெறும் பிளேசூட்டோடு நிற்பாள். பக்கத்திலேயே இன்னொருத்தி அதே உடைக்கு மேல் பாவாடையும் போட்டு, கையில் தொப்பியோ கூடையோ வைத்துக்கொண்டு நிற்பாள். கடற்கரைக்குப் போனதும் பாவாடையைக் கழற்றலாம். திரும்பும் வழியில் கடைத்தெருவில் இறங்க வேண்டுமானால் பொத்தான்களைப் போட்டுக்கொள்ளலாம். ஒரே துணி, ஒரே உறை, ஒரே விலை. ஊர் அனுமதிக்காத உடையும் ஊர் கேட்ட உடையும் ஒரே தாள்கட்டில் மடிந்து கிடந்தன.

அமெரிக்க இளம்பெண்களின் சாதாரண உடை எப்படி உருவானது என்று எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்வார்கள்: கிளேர் மெக்கார்டெல் போன்ற வடிவமைப்பாளர்கள், ஹாலிவுட் நடிகைகள், இரண்டாம் உலகப் போர். மூன்றுக்கும் பங்குண்டு. ஆனால் வீட்டுத் தையல் மெஷினுக்கும் சில்லறைக் காசுக்குக் கிடைத்த பேட்டர்னுக்கும் உரிய பங்கை இந்தக் கணக்கில் யாரும் சரியாகக் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். அதற்கான காரணம் மிகச் சாதாரணமானது: அந்த உடைகள் தைக்கச் சுலபமானவை. எட்டாம் வகுப்பில் தையல் கற்கத் தொடங்கும் ஒரு பெண்ணால் ஒழுங்காகத் தைத்து முடிக்கக்கூடிய உடைகள் எவையோ, அவையே பெருமளவுக்கு அவள் தலைமுறையின் சாதாரண உடைகளாக ஆயின.

பேட்டர்ன் தொழிலின் தொடக்கத்துக்கும் இளம்பெண்களுக்கும் சம்பந்தமில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் தையற்காரராக இருந்த எபனேசர் பட்டரிக் 1863இல் விற்கத் தொடங்கியவை ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான உடை மாதிரிகள். பெண்களுக்கானவை சில ஆண்டுகள் கழித்தே வந்தன. அவருக்கு முன்பே நியூயார்க்கில் எலன் டெமரெஸ்ட் என்ற பெண்மணி தாள் மாதிரிகளை விற்றுக்கொண்டிருந்தார். பத்திரிகைகளும் பத்துப் பன்னிரண்டு உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் பெரிய தாள்களை இணைப்பாகக் கொடுத்துவந்தன. அந்தக் கோட்டுக்காட்டுக்குள் ஒரு கையைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். பட்டரிக் கொண்டுவந்த புதுமை, அளவு. ஒரே உடையைப் பல அளவுகளில் வெட்டி, வாங்குகிறவர் தன் அளவை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1870இல் ஜேம்ஸ் மெக்கால் என்ற ஸ்காட்லாந்துத் தையற்காரர் நியூயார்க்கில் போட்டிக் கடை திறந்தார். 1899இல் ‘வோக்’ பத்திரிகையும் இறங்கியது.

பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்துவிட்டு வரும் வழக்கம் உள்ள நமக்கு இதன் முக்கியத்துவம் சட்டென்று பிடிபடாது. நம் தையற்காரர் ஒரு குறிப்பிட்ட உடம்பைப் பார்த்து வெட்டுகிறார். பேட்டர்ன் கம்பெனி பார்த்திராத பல லட்சம் உடம்புகளை ஊகித்து வெட்டுகிறது. அந்த ஊகம் எந்த உடையில் தவறினாலும் பெரிய மோசமில்லையோ அந்த உடையே வீட்டில் தைப்பவளுக்கு ஏற்றது. இடுப்பில் எலாஸ்டிக், கழுத்துக்குப் பின்னால் நாடா, சுருக்கு வைத்த பாவாடை, உடம்பைச் சுற்றிக் கட்டும் உடை: இவற்றில் ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் நாடா பார்த்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டி, டார்ட் (உடம்பின் வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) வைத்து, உள்துணி கொடுத்துத் தைக்கும் கோட்டில் அந்த அங்குலம் உடையையே பாழாக்கிவிடும்.

விளையாட்டுக்கென்று பெண்களுக்கு உடை தேவைப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1890களின் சைக்கிள் மோகத்தில் இரண்டாகப் பிரிந்த பாவாடைகளுக்குப் பேட்டர்ன்கள் வந்தன. ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை மாணவிகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். 1893இல் அங்கே நடந்த ஆட்டத்துக்கு ஆண்களை உள்ளே விடவில்லை. ஆடியவர்கள் அணிந்திருந்தது முழங்காலுக்குக் கீழே சுருக்கிக் கட்டிய தொளதொளப்பான ‘புளூமர்’. இந்த விவரத்தில் ஒரு விதி தெரிகிறது. பெண்ணின் காலின் வடிவத்தைக் காட்டும் உடை சுவருக்குள் இருக்கலாம், தெருவில் கூடாது. அடுத்த முப்பது ஆண்டுகளில் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் கோடை முகாமுக்கும் மாலுமிக் காலர் வைத்த ‘மிடி’ சட்டை பொது உடையாயிற்று. நேர்க்கோட்டில் வெட்டிய, இடுப்பைப் பிடிக்காத, தலைவழியாக மாட்டும் சட்டை. வீட்டில் தைக்க இதைவிடச் சுலபமான மேற்சட்டை அந்தக் காலத்தில் இல்லை. அப்புறம் 1920களின் இறுதியில் கடற்கரைப் பைஜாமா வந்தது. 1933இல் டென்னிஸ் வீராங்கனை ஹெலன் ஜேக்கப்ஸ் குட்டைக் கால்சட்டையோடு களத்தில் இறங்கினார்.

சுவரைத் தாண்ட இந்த உடைகளுக்கு உதவியது 1930களின் பொருளாதார மந்தம். 1927இல் ஜோசப் ஷாப்பிரோ தொடங்கிய ‘சிம்பிளிசிட்டி’ கம்பெனி ஒரு பேட்டர்னை 15 சென்டுக்கு விற்றது. ‘வோக்’ பேட்டர்னுக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். அந்த ‘வோக்’கை நடத்திய கான்டே நாஸ்ட் நிறுவனமே 1932இல் இறங்கிவந்து, நடிகைகளின் புகைப்படத்தை உறையில் போட்டு ‘ஹாலிவுட் பேட்டர்ன்’ என்ற பெயரில் 15 சென்ட் சரக்கு விற்றது. ‘உல்வொர்த்’ மலிவுக்கடைகளில் ‘டூ பாரி’ பேட்டர்ன் 10 சென்ட். 1938இல் சட்டமாக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 25 சென்ட் என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். கிராமத்துக் குடும்பங்களில் துணியும் இலவசம். மாவும் கோழித்தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளில் பூப்போட்ட அச்சு இருந்தது. பெண்கள் அதைப் பிரித்துத் தைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட ஆலைக்காரர்கள் வேண்டுமென்றே அழகான அச்சுகளைப் போட்டார்கள். 100 பவுண்டு சாக்கைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று அதிகமான துணி கிடைக்கும். பெரிய கவுனுக்கு நாலைந்து சாக்கு ஒரே அச்சில் தேடவேண்டும். குட்டைக் கால்சட்டைக்கும் கழுத்தில் கட்டும் மேற்சட்டைக்கும் இரண்டு மூன்றே போதும். சிக்கனம் எந்தப் பக்கம் தள்ளியது என்று இதிலிருந்தே தெரியும்.

உறைக்குள் இருந்தது என்ன என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று நாம் பார்க்கும் பேட்டர்னில் கோடு, அம்புக்குறி, எழுத்து எல்லாம் அச்சிட்டிருக்கும். ஆனால் முதல் அறுபது ஆண்டுக்கு மெல்லிய வெற்றுத் தாளே வந்தது. அதில் துளைகள் மட்டும் இருக்கும். பெரிய துளை என்றால் துணியின் மடிப்பில் வை. சிறிய துளை என்றால் டார்ட் அல்லது தையல் கோடு. விளிம்பில் வெட்டிய சிறு முக்கோணங்கள் எந்தத் துண்டு எதோடு சேரும் என்பதற்கு அடையாளம். பழகிய கைக்கு இது போதும். பள்ளிப் பெண்ணுக்கு இது புதிர். பட்டரிக் கம்பெனி 1919இல் ‘டெல்ட்டார்’ என்ற பெயரில் படம் போட்ட செய்முறைத் தாளை உள்ளே வைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மெக்கால் கம்பெனி கோடுகளை அச்சிட்ட பேட்டர்னைக் கொண்டுவந்து காப்புரிமையும் பெற்றது. அந்த உரிமை 1938இல் முடிந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக அச்சுக்கு மாறினார்கள். தையல் அனுபவம் இல்லாதவர்கள் ஏராளமாக இந்தச் சந்தைக்குள் வர வழிசெய்தது அந்த மாற்றம். பதின்ம வயதுப் பெண்களைத் தனி வாடிக்கையாளராகக் கம்பெனிகள் பிடித்ததும் அதற்குப் பின்பே.

அதற்கு இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம் தயாராக நின்றது. 1917இன் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் பணத்தை ஒதுக்கியது. மனையியலும் அதில் ஒன்று. தையல் வகுப்பு பெரும்பாலான பெண்கள் கடக்க வேண்டிய பாடமாயிற்று. முதலில் சமையலறை ஏப்ரன், அடுத்து சுருக்குப் பாவாடை, அப்புறம் குட்டைக் கால்சட்டையோ கை இல்லாத மேற்சட்டையோ என்று பாடம் போகும். பேட்டர்ன் கம்பெனிகள் பள்ளிகளைக் குறிவைத்து ‘தைக்கக் கற்றுக்கொள்’ வரிசைகளை வெளியிட்டன. சிங்கர் கடைகள் கோடை விடுமுறையில் வகுப்பு நடத்தின; 1950களில் பதின்ம வயதுப் பெண்களுக்கென்றே தையல் போட்டி வைத்தன. கிராமங்களில் ‘4-எச்’ என்ற இளையோர் மன்றங்கள், தாங்களே தைத்த உடையை அணிந்து மேடையில் நடக்கும் போட்டிகளை நடத்தின.

1944 செப்டம்பரில் ‘செவன்டீன்’ பத்திரிகை தொடங்கியது. முதல் ஆசிரியர் ஹெலன் வாலண்டைன். அடுத்த ஆண்டே அந்தப் பத்திரிகை தன் வாசகிகளைப் பற்றி ஓர் ஆய்வு செய்து, ‘டீனா’ என்ற கற்பனைப் பெண்ணின் பெயரில் விளம்பரதாரர்களிடம் கொண்டுபோனது. இந்த வயதுப் பெண்ணிடம் காசும் இருக்கிறது, சொந்த விருப்பமும் இருக்கிறது என்பதே அதன் சாரம். பேட்டர்ன் கம்பெனிகளுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது. அவர்கள் ஏற்கெனவே வளர்ந்த பெண்களுக்கு 12, 14, 16 என்று இரட்டைப்படை எண்களும், உயரம் குறைந்த, இடுப்பு சற்று மேலே அமைந்த ‘ஜூனியர்’ உடம்புக்கு 11, 13, 15 என்று ஒற்றைப்படை எண்களும் கொடுத்துத் தனித்தனி வரிசை நடத்திக்கொண்டிருந்தார்கள். உடம்பின் வடிவத்துக்காக வந்த அந்தப் பிரிவை வயதின் பிரிவாக விளம்பரங்கள் மாற்றிவிட்டன.

போரைப் பற்றி. 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் எல்-85 என்ற ஆணையைப் பிறப்பித்தது. பாவாடையின் கீழ்ச்சுற்று, மடிப்பின் அகலம், கோட்டின் நீளம் எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு. கீழ்மடிப்பு 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பேட்டர்ன் உறைகளிலும் ‘எல்-85க்கு உட்பட்டது’ என்ற வரி இடம்பெற்றது. உலோகம் போருக்குப் போனதால் ஜிப் கிடைப்பது அரிதாகி, பொத்தானும் நாடாவும் திரும்பி வந்தன. அதே ஆண்டு கிளேர் மெக்கார்டெல், வீட்டு வேலை செய்யும்போது மேலே சுற்றிக் கட்டிக்கொள்ளும் ‘பாப்ஓவர்’ உடையை வடிவமைத்தார். விலை 6 டாலர் 95 சென்ட்; டெனிம் துணி; பெரிய பை ஒன்று; அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கக் கையுறையும் உடையோடு சேர்ந்தே வந்தது. மெக்கார்டெலின் மேதைமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய கையெழுத்தாகச் சொல்லப்படும் அம்சங்களைப் பாருங்கள்: சுற்றிக் கட்டுதல், நாடா, வெளியே தெரியும் இரட்டைத் தையல், சாதாரணப் பருத்தி, உள்ளே விறைப்புத் துணி எதுவும் இல்லாமை. மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடரிக் நகரில் சிறுமியாக இருந்தபோது வீட்டுக்கு வரும் தையற்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகியவர் அவர். வீட்டுத் தையலுக்குத் தெரிந்திருந்த எளிமையைத் தொழிற்சாலைக்கு எடுத்துச் சென்றார் என்று சொல்வதே பொருத்தம். வழக்கமாக எழுதப்படும் வரலாறு இதைத் தலைகீழாகச் சொல்கிறது: வடிவமைப்பாளர் கண்டுபிடித்தார், வீட்டுப் பெண்கள் நகலெடுத்தார்கள் என்று.

என் வாதத்துக்கு ஒத்துவராத உடை ஒன்றும் இருக்கிறது: நீளக் கால்சட்டை. ‘ஸ்லாக்ஸ்’ தைப்பது சுலபமில்லை. முன்வளைவும் பின்வளைவும் சேரும் இடத்தில் சிறு பிழை இருந்தாலும் உட்கார்ந்தால் பிடிக்கும், நின்றால் சுருக்கம் விழும். தொடையில் அளவு கூட்டினால் இடுப்பில் தொங்கும். இதைச் சரிசெய்யும் வித்தை ஆண்களின் தையற்காரர்களுக்குத் தெரியும். பள்ளித் தையல் ஆசிரியைக்குத் தெரிய வாய்ப்புக் குறைவு. போர்க்காலத்தில் தொழிற்சாலைக்குப் போன பெண்களால் ‘ஸ்லாக்ஸ்’ பரவியது உண்மை. ஆனால் அவர்களில் பலர் அதைக் கடையில் வாங்கினார்கள், அல்லது போருக்குப் போன ஆண்களின் கால்சட்டைகளை வெட்டித் தைத்தார்கள். போர் முடிந்தபின் வந்த ‘பெடல் புஷர்’, ‘காப்ரி’ போன்ற முக்கால் நீளக் கால்சட்டைகளுக்குப் பேட்டர்ன்கள் குவிந்தன. தைத்தவர்கள் எவ்வளவு திருப்தியடைந்தார்கள் என்பது வேறு கேள்வி. சுலபத் தையல் சாதாரண உடையை உந்தியது என்ற விதி குட்டைக் கால்சட்டைக்கும் பாவாடைக்கும் நன்றாகப் பொருந்துகிறது. நீளக் கால்சட்டைக்கு அரைகுறையாகவே பொருந்துகிறது. அங்கே விருப்பம் சுலபத்தை முந்தியது.

அந்த விருப்பத்துக்கு எதிர்ப்பும் பலமாக இருந்தது. 1960இல் நியூயார்க்கின் பார்னார்ட் பெண்கள் கல்லூரியில், முழங்கால் வரை நீளும் பெர்முடா கால்சட்டைக்கும் ஸ்லாக்ஸுக்கும் நிர்வாகம் தடை போட முனைந்தபோது மாணவிகள் கிளர்ந்தெழுந்தார்கள். முடிவில் ஏற்பட்ட சமரசம் என்ன தெரியுமா? அணியலாம், ஆனால் எதிரே இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் போகும்போது மேலே நீளக் கோட் போட்டுக்கொள்ள வேண்டும். 1893இன் சுவரும் 1940இன் பொத்தான் பாவாடையும் 1960இல் கோட்டாக வந்து நின்றன. நியூயார்க் மாநிலத்தின் ஹிக்ஸ்வில் ஊர்ப் பள்ளி, மாணவிகள் ஸ்லாக்ஸ் அணியத் தடை விதித்தது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது 1969இல். நிலவில் மனிதன் நடந்த ஆண்டு அது.

ஆகவே பிளேசூட்டோடு வந்த பாவாடையைத் துணை உடை என்று நினைத்துக் கடந்துபோக முடியாது. அம்மாவிடம் அந்த உறையைக் காட்டி அனுமதி வாங்குவதற்கான சான்றே அது. கடையில் தொங்கும் உடையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் தாயாரால் பேட்டர்ன் விஷயத்தில் பேரம் பேச முடிந்தது: கால்சட்டையை இரண்டு அங்குலம் நீளமாக வெட்டு, முதுகுத் திறப்பை மூடு, பாவாடையைக் கட்டாயம் தை. உடையின் ஒழுக்கம் குடும்பத்துக்குள்ளேயே, வெட்டுமேசையிலேயே தீர்மானிக்கப்பட்டது. ஆயத்த உடையில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. உறையில் இரண்டு மூன்று வடிவங்களைக் கொடுத்த கம்பெனிகளுக்கும் இது தெரிந்தேயிருக்க வேண்டும்.

உறையில் வரைந்திருந்த பெண் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒடுங்கிய இடுப்பு, இயற்கையில் இல்லாத நீளக் கால்கள், வெள்ளைத் தோல். 1960களின் இறுதி வரை பெரிய கம்பெனிகளின் உறைகளில் கறுப்பினப் பெண்கள் அநேகமாக இல்லை. வாங்கியவர்களில் அவர்கள் நிறையப் பேர் இருந்தும் இதுதான் நிலை. ஆயத்த உடைக் கடைகளில் போட்டுப் பார்க்கக்கூட அனுமதிக்கப்படாத தென் மாநிலங்களில் பேட்டர்னும் தையல் மெஷினும் அவர்களுக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அளவுகளிலும் இதே கதை. 1939–40இல் அமெரிக்க வேளாண்மைத் துறை சுமார் 15,000 பெண்களின் உடம்பை 59 விதமாக அளந்தது. 1941இல் அறிக்கை வந்தது. அதன் தலைப்பிலேயே பேட்டர்ன் தயாரிப்புக்கான அளவுகள் என்று இருந்தது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பழைய பேட்டர்ன் வாங்கித் தைக்க நினைப்பவர்கள் முதலில் ஏமாறுவதும் இந்த அளவு எண்ணில்தான். 32 அங்குல மார்பளவு 1950களின் தொடக்கத்தில் 14ஆம் எண். சில ஆண்டுகளில் அதே 32 அங்குலம் 12ஆம் எண்ணாயிற்று. 1967–68இல் ஆயத்த உடைக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறோம் என்று கம்பெனிகள் கூடிப் பேசி மறுபடி மாற்றியபோது அது ஏறக்குறைய 10ஆம் எண்ணுக்கு இறங்கியது; உறையில் ‘புதிய அளவு’ என்று பெருமையாக அச்சிட்டார்கள். உடம்பு அப்படியே இருக்க, எண் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. அக்கால உறைகளில் பெரும்பாலும் ஒரே ஓர் அளவுதான் இருக்கும். பல அளவுகளை ஒரே தாளில் கொடுக்கும் வழக்கம் பின்னர் வந்தது. பழைய பேட்டர்ன் வாங்குகிறவர் எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. மார்பளவு எத்தனை அங்குலம் என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்தால் போதும்.

உறையின் பின்பக்கத்தில் எந்தத் துணி பொருந்தும் என்று ஒரு பட்டியல் உண்டு. ஜிங்ஹாம், டெனிம், பீக்கே, சீர்சக்கர். 1960களில் அந்தப் பட்டியலில் அடிக்கடி தென்படும் இன்னொரு பெயர், மெட்ராஸ். நம் மெட்ராஸ்தான். கைத்தறியில் நெய்த, கட்டம் போட்ட மெல்லிய பருத்தி. அமெரிக்காவுக்கு அது புதிதில்லை. புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1718இல் கனெக்டிகட்டின் ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பொருள்களில் துணிப் பொதிகளும் இருந்தன. கல்லூரி அவற்றை விற்றுப் பணமாக்கித் தனக்கு அவர் பெயரையே வைத்துக்கொண்டது. ஆனால் இளைஞர்களின் கோடை உடையாக அது பெருமளவில் பரவியது 1958க்குப் பிறகு.

அந்தப் பரவலுக்கு ஒரு கதை சொல்வார்கள். வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் 10,000 கெஜம் வாங்கினார். தாவரச் சாயம், குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்தார், அந்த எச்சரிக்கை வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரவில்லை. நியூயார்க்கின் ‘புரூக்ஸ் பிரதர்ஸ்’ கடையில் வாங்கியவர்கள் மெஷினில் போட்டுத் துவைக்க, சாயம் கலைந்து மற்றத் துணிகளையும் கெடுத்தது. வழக்கு வரும் என்ற நிலையில், நாயர் ‘செவன்டீன்’ பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். சாயம் போவதே இந்தத் துணியின் சிறப்பு, துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டும் என்று பத்திரிகை எழுதியது. குறை விளம்பரமாயிற்று. பெரும்பாலும் நாயரே பிற்காலத்தில் சொன்ன கதை இது. விற்றவர் வாயிலிருந்து வரும் கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கும். ஆனால் ‘சாயம் போகும் மெட்ராஸ்’ என்று பெருமையாக விளம்பரப்படுத்தி விற்றதும், பள்ளி கல்லூரிப் பெண்கள் அதற்காக அலைந்ததும் உண்மை.

பெர்முடா கால்சட்டையையும் சுற்றிக் கட்டும் பாவாடையையும் மெட்ராஸில் தைப்பது பார்வைக்கு எளிது. செய்து பார்த்தால் ஒரு தொல்லை தெரியும். பக்கத் தையலில் கட்டங்கள் சேர வேண்டும். அச்சுத் துணியில் கட்டம் ஒரே சீராக வரும். கைத்தறியில் நெசவாளியின் கை அழுத்தத்துக்கு ஏற்ப ஊடை நெருங்கியும் விலகியும் போகும். முதல் முழத்தில் சரியாகச் சேரும் கட்டம் மூன்றாவது முழத்தில் கால் அங்குலம் தள்ளி நிற்கும். ‘கட்டத் துணிக்குக் கூடுதல் துணி வாங்கவும்’ என்று உறையில் போட்டிருப்பார்கள். அமெரிக்கத் தொழிற்சாலையின் அச்சுக்கோடும் நம் நாட்டுத் தறியின் கைக்கோடும் ஒரு பள்ளிப் பெண்ணின் மேசையில் சண்டை போட்டன.

1960களின் நடுவில் பட்டரிக் கம்பெனி ‘இளம் வடிவமைப்பாளர்’ வரிசையைத் தொடங்கி லண்டனின் மேரி குவான்ட்டைப் பிடித்துப் போட்டது. குட்டைப் பாவாடைகளும் நேர்வெட்டு உடைகளும் மீண்டும் சுலபத் தையலின் பொற்காலத்தைக் கொண்டுவந்தன. சிம்பிளிசிட்டியின் ‘ஜிஃப்பி’ வரிசை, மாலையில் உட்கார்ந்தால் இரவுக்குள் முடித்துவிடலாம் என்ற ஆசையை விற்றது. ஆனால் அதே பத்தாண்டில் வேறொன்று அடியைத் தோண்டிக்கொண்டிருந்தது. சாதாரண உடை நெய்த துணியிலிருந்து பின்னல் துணிக்கு மாறியது. டி-சட்டை, இழுவைக் கால்சட்டை, நீச்சலுடை எல்லாம் இழுபடும் துணி. வீட்டிலிருந்த பழைய மெஷின்கள் நேர்த்தையல் மட்டுமே போடும். துணி இழுபடும்போது அந்த நூல் அறுந்துவிடும். ஓரிகனில் ஆன் பெர்சன் ‘ஸ்ட்ரெச் அண்ட் ஸோ’ என்றும், மின்னியாபொலிஸில் கெர்ஸ்டின் மார்டென்சன் ‘க்விக் ஸோ’ என்றும் தொடங்கிப் பின்னல் துணி தைக்க வழி காட்டினார்கள். கொஞ்ச காலம் அது ஓடியது. மறுபக்கம் ஜீன்ஸ். அடுக்கிய டெனிமில் இரட்டைத் தையல், செப்பு ரிவெட்டு, கல்லில் அலசிய நிறம்: வீட்டு மெஷினுக்கு இவை எளிதில் எட்டாது. தைத்துக்கொண்டாலும் அது ‘வீட்டில் தைத்தது’ என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்; பதினாறு வயதில் அதைவிட அவமானம் என்ன இருக்கிறது? பெண்கள் வேலைக்குப் போனதும், ஆசியாவிலிருந்து மலிவான ஆயத்த உடை வந்ததும் பேட்டர்ன் தொழிலைச் சரித்தன என்று பொதுவாகச் சொல்வார்கள். அவை உண்மையே. ஆயினும் டி-சட்டையும் ஜீன்ஸும் இளம்பெண்ணின் சீருடை ஆன அன்றே இந்த வகைப் பேட்டர்னின் கதை முடிந்துவிட்டது.

போட்டியாளர்களாக இருந்த பட்டரிக், மெக்கால், வோக், சிம்பிளிசிட்டி நான்கும் இந்த நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் ஒரே முதலாளியின் கீழ் வந்துவிட்டன. பழைய வடிவங்களை அவ்வப்போது மறுபதிப்பாகவும் வெளியிட்டார்கள்; ஆனால் இன்றைய உடம்புக்கேற்ப அளவுகளைத் திருத்தியே தந்ததால், ஆராய்ச்சிக்கு அவை உதவா. அசல்கள் வேண்டுமென்றால் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் வணிகப் பேட்டர்ன் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். நியூயார்க் நாடக உடைக் கலைஞர் பெட்டி வில்லியம்ஸின் சேகரிப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. அதைப் பல ஆண்டுகள் வளர்த்தவர் ஜாய் ஸ்பேனபெல் எமரி. இந்தத் தொழிலின் முழு வரலாற்றையும் 2014இல் நூலாக எழுதினார். பல உறைகளில் ஆண்டே அச்சிட்டிருக்காது. எண்களும் நாலிலக்கத்தைத் தொட்டு முடிந்ததும் மறுபடி தொடக்கத்துக்குப் போகும். ஆகவே கம்பெனிகளின் மாதாந்திரப் பட்டியல்களோடு ஒப்பிட்டே காலத்தைக் கணிக்கிறார்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. விற்றதற்குச் சான்று உறை. அணிந்ததற்குச் சான்று அல்ல. வெட்டாமல் மடித்தபடியே கிடக்கும் பேட்டர்ன்கள் ஏராளம். வெட்டிய தாளில் குண்டூசித் துளையும், இடுப்பில் ஒட்டிய செய்தித்தாள் துண்டும், பென்சிலால் நீட்டிய கால்சட்டை விளிம்பும் இருந்தால் மட்டுமே ஒரு பெண் அதைத் தைத்தாள் என்று நம்பலாம். பழைய பேட்டர்ன் சந்தையில் வெட்டாத தாளுக்கே விலை அதிகம். வரலாற்றுக்கு வெட்டிய தாளே மதிப்பு.

தாளின் கதையை அங்கே பத்திரப்படுத்துகிறார்கள். அந்தத் தாளின் கீழே விரித்த துணியின் கதையில் ஒரு பகுதி நம்மிடம் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் ஏற்றுமதிக்கு மெட்ராஸ் கட்டம் நெய்த குடும்பங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், சாயப் பட்டறைகள், ஏற்றுமதி ஏஜெண்டுகள் ஆகியோரின் வீடுகளில் துணித்துண்டு ஒட்டிய மாதிரிப் புத்தகங்களோ, கட்டக் கணக்கு எழுதிய நோட்டுகளோ, அமெரிக்க வியாபாரிகளின் கடிதங்களோ இன்னும் இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ ஓர் ஆவணக் காப்பகத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.